பியானோவின் வயிற்றில் பிளாஸ்டிக்

"பிளாஸ்டிக் சார்" என்று சொல்லிவிட்டு ட்யூனர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

பேத்திக்காக வாங்கிய பழைய ஜப்பான் அப்ரைட் பியானோ அன்று காலைதான் எங்கள் திருமுல்லைவாயல் வீட்டில் வந்து இறங்கியிருந்தது. முன்பலகையைக் கழற்றியதும் கம்பளி மண்டையோடு 88 ஹேமர்கள் வரிசை கட்டி நின்றன. அவற்றுக்குக் கீழே, கட்டையின் அசைவை ஹேமருக்குக் கடத்தும் ஆக்‌ஷனில், விப்பன், ஜாக், ஃப்ளேஞ்ச் என்று பெரும்பாலானவை மரமில்லை. ட்யூனர் கண்டது அதை. நான் கண்டது வேறு. ஒவ்வொரு துண்டின் பக்கவாட்டிலும் மிளகு அளவுக்கு ஒரு வட்டத் தழும்பு இருந்தது, மோல்டிலிருந்து எஜெக்டர் பின் தள்ளிவிட்ட இடம். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் மோல்டிங் கம்பெனிகளில் குவாலிட்டி பார்த்தவன் கண் அங்கேதான் போகும். ஓரத்தில் பிதுங்கும் ஃப்ளாஷ் இல்லை, பள்ளம் விழவில்லை, பிசின் நுழைந்த கேட்டை வெட்டிய இடம் நகத்தில் இடறவில்லை. என் மேஜைக்கு வந்திருந்தால் பாஸ் போட்டிருப்பேன்.

அவர் முகம் சுளித்ததும் நான் மெச்சிக்கொண்டதும் இரண்டுமே தொழில் பழக்கம். பியானோவின் ஆக்‌ஷனுக்குள் பிளாஸ்டிக் நிலைக்குமா, அதுவும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் காற்றில் நிலைக்குமா என்பதற்கு இரண்டும் பதிலாகாது. அதற்குப் பிறகு நாலு வருஷமாக அந்தக் கேள்வியை நான் விடவில்லை.

முதலில் ட்யூனர் தரப்பு. பித்தளைக் குடத்தைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் குடத்துக்கு மாறிய தலைமுறை நாம். மாறியதில் சௌகரியம் இருந்தது, மரியாதை இல்லை. "பிளாஸ்டிக் சிரிப்பு" என்றால் பொய்ச் சிரிப்பு. மரமும் இரும்பும் கம்பளியுமான ஒரு வாத்தியத்துக்குள் அது புகுந்தால் ஏமாற்று வேலை என்றுதான் தோன்றும். ஆனால் இப்படி முகம் சுளிக்கும் ஆட்கள் வெள்ளைக் கட்டைகளின் மேல்தகட்டைப் பற்றி மூச்சு விடுவதில்லை. யானைத் தந்தம் போய் செல்லுலாய்டு வந்து, அதுவும் போய் அக்ரிலிக் வந்து எத்தனையோ காலமாகிறது. 1989-இல் உலக அளவில் தந்த வியாபாரத்துக்குத் தடை வந்தபோது பியானோக்காரர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே பிளாஸ்டிக்குக்கு மாறியிருந்தார்கள். விரல் தொடும் இடத்தில் ஒப்புக்கொண்டதை, விரல் தொடாத இடத்தில் மறுக்கிறோம்.

அந்த மறுப்பு வெறும் வீம்பும் இல்லை. அதற்குப் பின்னால் உண்மையான தோல்விகள் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அம்பத்தூரில் எந்த ஸ்டோர் கீப்பரிடமாவது இண்டென்டில் "பிளாஸ்டிக், 25 கிலோ" என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள், திருப்பி அனுப்பிவிடுவார். "உலோகம், 25 கிலோ" என்பது போலத்தான் அது. எந்தப் பிசின், எந்த கிரேடு, எங்கே போடப் போகிறாய் என்பது இல்லாமல் பேச்சே கிடையாது.

1940கள், 50களில் அமெரிக்காவில் ஸ்பினெட் என்ற குட்டைப் பியானோ சக்கைப்போடு போட்டது. அதில் ஆக்‌ஷன் கட்டைகளின் மட்டத்துக்குக் கீழே தொங்கும். கட்டையின் வாலிலிருந்து ஒரு கம்பி கீழே போய், "எல்போ" என்ற முழங்கைத் துண்டு வழியாக விப்பனைத் தூக்கும். அந்த எல்போவை அன்றைய பிளாஸ்டிக்கில் செய்தார்கள். சில பத்தாண்டுகளில் அது பழைய அப்பளம் போல ஆனது. ஒன்று உடைந்தால் மற்றதெல்லாம் வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம். உடைந்த ஒன்றை மட்டும் மாற்றாதே, செட்டாக மாற்று என்பது அங்கே தொழில் பாடமாகவே ஆகிவிட்டது. பியானோவில் பிளாஸ்டிக் என்றாலே உலகம் முழுக்க முகம் சுளிப்பதற்கு வித்திட்டது அந்த முழங்கைதான். லெகோ பொம்மைக்காரர்களுக்கும் அந்தக் காலத்துப் பிசின் இதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது. செல்லுலோஸ் அசிட்டேட்டில் வார்த்த கட்டிகள் கோணிக்கொண்டன. 1963-இல் அவர்கள் ஏபிஎஸ் என்ற பிசினுக்கு மாறினார்கள். அன்றைய கட்டிகள் இன்றைய கட்டிகளோடு இன்னமும் பொருந்துகின்றன.

இரண்டாவது தோல்வி லிண்ட்னர். 1960கள், 70களில் அயர்லாந்தின் ஷானனில் செய்த எடை குறைந்த பியானோ. அதன் கட்டைகள் உள்ளே குழிவான பிளாஸ்டிக், சின்ன கிளிப்பில் மாட்டியிருக்கும். கிளிப் ஒடியும், கட்டை தொங்கும். இதில் பிசினைத் திட்டுவதை விட, ஆயிரக்கணக்கான தடவை வளைந்து நிமிரும் இடத்தில் அவ்வளவு மெல்லிய கழுத்தை வைத்த டிசைனரைத் திட்டலாம்.

மூன்றாவதுதான் இந்த வழக்கின் முக்கிய சாட்சி. அதில் பிளாஸ்டிக் உடையவே இல்லை.

ஆக்‌ஷனில் அசையும் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சென்டர் பின் உண்டு, ஒன்றேகால் மில்லிமீட்டர் விட்டம். அது ஃப்ளேஞ்சின் துளைக்குள் கம்பளித் துணிப் புஷ்ஷில் சுழலும். துணி ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், பூச்சி தின்னும். 1962-இல் நியூயார்க் ஸ்டைன்வே துணியைத் தூக்கிவிட்டு டெஃப்லான் புஷ் போட்டது. காகிதத்தில் பழுதே சொல்ல முடியாத யோசனை. டெஃப்லான் ஈரத்தைக் குடிக்காது, எண்ணெய் கேட்காது. ஆனால் அதைப் பொதிந்திருந்த ஃப்ளேஞ்ச் மரம். பருவத்துக்குப் பருவம் மரம் உப்பியது, சுருங்கியது, உள்ளேயிருந்த புஷ் அசைந்துகொடுக்கவில்லை. ஒரு பருவத்தில் புஷ் தளர்ந்து "டிக் டிக்" என்று சத்தம், இன்னொரு பருவத்தில் இறுக்கம். துணியாக இருந்தால் இரண்டு பக்கத்து அசைவையும் தன் மெத்தையில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கும். ஏறக்குறைய இருபது வருஷம் போராடிவிட்டு 1980களின் தொடக்கத்தில் கம்பெனி துணிக்கே திரும்பியது. ஹாம்பர்க்கில் இருந்த அதே கம்பெனியின் தொழிற்சாலை இந்த வம்பில் இறங்கவே இல்லை.

டெஃப்லான் இன்றும் அப்படியே இருக்கும். அந்த மரமும் இருக்கும். சேர்ந்து வாழ முடியவில்லை, அவ்வளவுதான். எங்கள் தொழிலில் பாதி ரிஜெக்‌ஷன் இப்படித்தான் வரும்: பீஸ் சரி, மேட்டிங் பீஸும் சரி, அசெம்பிளி தப்பு. ஆகவே ஒரு பாகம் எத்தனை வருஷம் நிற்கும் என்று தனியாகக் கேட்பதில் பாதி அர்த்தம்தான் உண்டு. எதோடு சேர்ந்து, எந்தக் காற்றில் நிற்கும் என்பது மீதிப் பாதி.

இனி எதிர்த்தரப்பு. ஜப்பானின் ஹமமட்சுவில் 1927-இல் தொடங்கிய கவாய் கம்பெனி 1970களில் ஆக்‌ஷன் பாகங்களை ஏபிஎஸ்ஸில் வார்க்க ஆரம்பித்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதில் கார்பன் இழையும் கலந்தது. 1998-இல் கலிபோர்னியாவின் பொமோனா பாலிடெக்னிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் மரப் பாகத்தையும் ஏபிஎஸ் பாகத்தையும் சோதித்ததில் ஏபிஎஸ்ஸே வலுவானது என்று தெரியவந்ததாகக் கம்பெனி விளம்பரத்தில் சொல்கிறது. இழுத்துப் பார்த்து, அழுத்திப் பார்த்து ஒடிக்கும் சோதனை. நான் அதை நம்புகிறேன், ஆனால் அதிகம் மதிக்க மாட்டேன். புதுப் பீஸை ஒடிக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது ஒரு கேள்வி. நாற்பது வருஷம் கிழடான பீஸ் எப்படி இருக்கும் என்பது வேறு கேள்வி. பியானோவுக்குள் எந்த ஜாக்கும் இழுபட்டு ஒடியப் போவதில்லை. லட்சக்கணக்கான சின்னத் தட்டுகளால்தான் சாகும், செத்தால்.

எத்தனை லட்சம்? ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பேத்தி தினம் ஒரு மணி நேரம் வாசிக்கிறாள். நொடிக்கு ஐந்து சுரம் என்று வைத்தால் மணிக்கு 18,000. கோடியில் இருக்கும் கட்டைகளை யாரும் தொடுவதில்லை. நடுவில் 45 கட்டைகளில்தான் வாழ்க்கை. கட்டைக்கு 400. வருஷத்தில் 300 நாள் என்றால் 1,20,000. இருபது வருஷத்தில் 24 லட்சம் தட்டு. 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் நிமிடத்துக்கு 325 தாளத்தில் வண்டு பறக்கும் இசையை வாசித்துப் பரிசு வாங்கிய நம்மூர் லிடியன் நாதஸ்வரம் போன்ற கைகளுக்கு இந்தக் கணக்கு எங்கேயோ போகும். 24 லட்சம் என்றால் பயமாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தட்டின் பாரமும் அற்பம். கட்டை பத்து மில்லிமீட்டர் இறங்குகிறது, ஜாக் ஹேமரின் அடியைத் தள்ளுகிறது, தந்திக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போதே வழுக்கி விலகிக்கொள்கிறது, மீதித் தூரத்தை ஹேமர் தன் வேகத்தில் தனியாகப் போய் அடிக்கிறது. தந்தியை அடிக்கும் அதிர்ச்சி நேராக ஜாக்கில் இறங்குவதே இல்லை. இந்தப் பாரத்தை ஏபிஎஸ்ஸும் தாங்கும், மேப்பிள் மரமும் தாங்கும். பலத்தைப் பற்றிய சண்டையே வீண் சண்டை என்பது என் கட்சி.

பிறகு எதைப் பற்றிச் சண்டை போடலாம்? காற்றைப் பற்றி.

எங்கள் பக்கத்தில் காற்றின் ஈரப்பதம் விடிகாலையில் எண்பதைத் தாண்டுவது சர்வ சாதாரணம். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். அந்தக் காற்றில் மரம் தன் எடையில் சுமார் 16 விழுக்காடு தண்ணீரைக் குடித்து நிற்கும். ராத்திரி பத்து மணிக்கு ஏசியைப் போட்டு ஈரம் ஐம்பதுக்கு இறங்கினால், அது ஒன்பது விழுக்காட்டை நோக்கி இறங்கப் பார்க்கும். காலையில் ஏசியை நிறுத்தினால் மறுபடி ஏறும். லண்டனில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நடுவே நடப்பது அயப்பாக்கத்து ஃபிளாட்டில் தினசரி நடக்கிறது, அரைகுறையாக. மர ஃப்ளேஞ்சைப் பிடித்திருக்கும் திருகு, மரம் உப்பும்போது அதை நசுக்கும், சுருங்கும்போது தளரும். திருகு தளர்ந்தால் ஹேமர் ஆடும், பக்கத்துத் தந்தியையும் சேர்த்து அடிக்கும். ஏபிஎஸ் குடிக்கும் தண்ணீர் அரை விழுக்காடுகூட இல்லை. அதனால் அளவு மாறாது, திருகும் தளராது.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி கேட்டாக வேண்டும். பிளாஸ்டிக்குக்கும் ஒரு தளர்ச்சி உண்டு. தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல வழிந்துகொடுக்கும். எங்கள் பாஷையில் கிரீப். ஏபிஎஸ்ஸில் திருகு இறுக்கிய இடமும் வருஷக்கணக்கில் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். என் பியானோவில் 88 ஹேமர் ஃப்ளேஞ்ச் திருகையும் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்தேன். ஒன்பது திருகு கால் சுற்று வாங்கின. மற்றவை அசையவில்லை. எண்பதுகளில் செய்த வாத்தியத்துக்கு இது மோசமில்லை. ட்யூனர் பார்த்துக்கொள்ளும் மர ஆக்‌ஷன்களில் வருஷத்துக்கு ஒரு தடவை பாதித் திருகாவது சுற்று வாங்கும் என்றார் அவரே.

வெயில் எப்படி? 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. ஏபிஎஸ் இளகத் தொடங்க நூறு டிகிரியை நெருங்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்தாலும் அது நடக்காது. அதன் உண்மையான எதிரி சூரிய ஒளி. உள்ளேயிருக்கும் ரப்பர்க் கூறு ஒளியிலும் காற்றிலும் கெட்டு, மஞ்சளாகி, நொறுங்கும். பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள் பழுத்துப்போனதைப் பார்த்திருப்பீர்கள். பியானோவின் வயிறு இருட்டு. அதனால் கெடுவது மிக மெதுவாகத்தான் இருக்கும்.

கரையான் விஷயத்தில் விவாதமே இல்லை. கரையான்சாவடி என்று ஊர்ப் பெயரே வைத்துக்கொண்டிருக்கும் பகுதி நம்முடையது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு வீட்டில் திறந்து பார்த்த பழைய ஆங்கிலப் பியானோவில் கட்டைகளின் அடிமரம் சல்லடையாக இருந்தது, விப்பன்களில் பாதி மண். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த நாட்டுக்கென்றே பித்தளைத் திருகும் தேக்குப் பெட்டியுமாகப் பியானோ செய்து அனுப்பினார்கள். மவுண்ட் ரோட்டில் 1842-இல் தொடங்கிய மிஸ்கித் கடை அந்தக் காலத்திலிருந்து விற்றது. பெட்டி தேக்கு, ஆனால் உள்ளே ஆக்‌ஷன் என்னவோ சீமை மரம்தான். கரையானுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும்.

மரத்தின் தரப்பில் ஒரு பலமான சாட்சி உண்டு, மறைக்கக் கூடாது. வயது. நூறு வருஷத்து மர ஃப்ளேஞ்ச் இன்றும் வேலை செய்வதைக் காட்ட முடியும். ஏபிஎஸ்ஸுக்கு ஐம்பது வருஷச் சாட்சிதான். அந்த ஐம்பதில் ஸ்பினெட் முழங்கை போல மொத்தமாக நொறுங்கிப்போன கதை எதுவும் வரவில்லை. அதற்கு அப்பால் யாரும் சத்தியம் செய்ய முடியாது. அமெரிக்காவின் மேசன் அண்ட் ஹாம்ளின் குழுமம் கொண்டுவந்த கண்ணாடி இழை கலந்த நைலான் ஆக்‌ஷனுக்கு இன்னும் இளமை. வெறும் நைலான் தண்ணீர் குடிக்கும் சாதி. கண்ணாடி இழை அதைக் கட்டிப்போடுகிறது. எவ்வளவு தூரம் கட்டிப்போடுகிறது என்று நம்மூர் நவம்பரில் பத்துத் தடவை நனைந்து வரட்டும், பிறகு பேசுவோம்.

இத்தனை சொல்லியும், என் பியானோவில் பிளாஸ்டிக் உடைந்தது. மூன்று விப்பன்.

வாங்கிய ஆறாம் மாதம் நடுக் கட்டை ஒன்று விழுந்துவிட்டது. அழுத்தினால் சத்தமே இல்லை. ஆக்‌ஷனைத் தூக்கி வெளியே வைத்து ட்யூனர் டார்ச் அடித்தார். ஜாக்கைப் பிடித்திருக்கும் காது ஒடிந்திருந்தது. பக்கத்தில் இரண்டு விப்பன்களில் மேல்பரப்பு பாதி நக்கிய மிட்டாய் போல வழவழத்துக் குழிந்திருந்தது, நகத்தால் கீறினால் பதிந்தது. "பாருங்க, சொன்னேனே" என்றார். எனக்கு அந்த வழவழப்பு புரியவில்லை. வயதான ஏபிஎஸ் கெட்டிப்பட்டு விரிசல் விடும், இளகாது. வரிசையில் மற்ற 85 சிக்கென்று இருக்க இந்த மூன்றுக்கு மட்டும் என்ன கேடு?

பியானோவின் உள்மூலையில் கிடந்தது பதில். நூலறுந்து விழுந்த ஒரு சின்னத் துணி முடிச்சு. முகர்ந்தால் லேசாகப் பழைய பீரோ வாசனை. பாச்சை உருண்டை. முன்பு வைத்திருந்தவர் யாரோ கம்பளியைப் பூச்சி தின்னாமலிருக்க, நல்ல எண்ணத்தில், ஆக்‌ஷனுக்கு நடுவில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அது சாய்ந்து இந்த மூன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பீரோவில் பாச்சை உருண்டைக்குப் பக்கத்தில் வைத்த பிளாஸ்டிக் சீப்பு ஒட்டிக்கொள்வதைப் பார்க்காத வீடு உண்டா? ஸ்டைரீன் கலந்த பிளாஸ்டிக்குகளை அந்த ஆவி இளக்கும். ஏபிஎஸ்ஸில் கடைசி எழுத்து அந்த ஸ்டைரீன்தான். மியூசியக்காரர்கள் பிளாஸ்டிக் பொருள்களுக்குப் பக்கத்தில் அந்த உருண்டையை அண்ட விடுவதில்லை. துரு நீக்கும் ஸ்பிரேயும் கரப்பான் மருந்தும் இதே ரகம். கரைப்பானும் எண்ணெயும் பட்டால், ஏற்கெனவே இழுவிசையில் நிற்கும் ஏபிஎஸ் நுணுக்கமாக விரிசல் விடும். மரத்துக்கு இந்த ஆபத்து எதுவுமில்லை. நூறு வருஷமாக நம்மூர்ப் பியானோக்களில் பாச்சை உருண்டை போட்டு வந்த பழக்கம் மர ஆக்‌ஷனுக்குப் பாதுகாப்பாக இருந்தது. அதே பழக்கம் இதற்கு விஷம். கருவியோடு பழக்கமும் மாற வேண்டும் என்பதை விற்றவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

உடைந்ததை விட மோசம், அதைச் சரி செய்ய அலைந்தது. மர விப்பன் என்றால் அயனாவரத்துத் தச்சர் ஒருவர் பழைய வாகைத் துண்டில் செதுக்கிக் கொடுத்துவிடுவாராம். காது மட்டும் பிளந்திருந்தால் ஃபெவிகால் வைத்து நூல் சுற்றி ராத்திரி விட்டால் காலையில் வேலை செய்யும். ஏபிஎஸ்ஸில் ஃபெவிகால் பிடிக்கவே பிடிக்காது, காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். ஃபெவிக்விக் பிடிக்கும், ஆனால் ஜாக்கின் தட்டுகளுக்குத் தாங்காமல் பத்தாம் நாள் விட்டது. அசல் பாகம் கேட்டு எழுதினோம். கப்பலோ தபாலோ, வந்து சேர நாலு மாதம்.

நாலு மாதம் சும்மா இருக்க முடியவில்லை. எஸ்டேட்டில் டூல் ரூம் வைத்திருக்கும் பழைய சிநேகிதனிடம் ஒடிந்த விப்பனை எடுத்துக்கொண்டு போனேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் எஸ்டேட்டுக்குள் புகுந்தபோது மெஷின்களை இழந்து மறுபடி நின்றவன். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"எத்தனை பீஸ்டா?"

"மூணு."

சிரித்தான். "மோல்டு போட்டா லட்சக்கணக்குல ஆகும். உள்ள போற மெட்டீரியல் ரெண்டு ரூபா பெறாது. மூணு பீஸுக்கு எவன்டா மோல்டு போடுவான்?"

இந்த வழக்கில் பிளாஸ்டிக்குக்கு எதிரான ஒரே கனமான வாதம் அவன் வாயிலிருந்துதான் வந்தது. மரப் பாகம் உடையலாம், ஆனால் எந்த ஊரிலும் மறுபடி பிறக்கும். வார்த்த பாகம் பிறந்த மோல்டில்தான் மறுபடி பிறக்க முடியும். அந்த மோல்டு எண்ணெய் பூசி ஏதோ ஒரு ஷெல்ஃபில் இருக்கும்வரை கவலையில்லை. கம்பெனி மாடலை மாற்றிவிட்டால், மூடிவிட்டால்? ஒரு பாகம் நாற்பது வருஷம் உடையாமல் இருப்பதும், நாற்பத்தோராம் வருஷம் உடைந்தால் மாற்று கிடைப்பதும் தனித்தனிச் சங்கதிகள். விளம்பரங்கள் முதலாவதைப் பேசி இரண்டாவதை விழுங்குகின்றன.

ஆனால் அம்பத்தூர் அம்பத்தூர்தான். "மோல்டு வேணாம், பிளேட்ல வெட்டிப் பாக்கலாம்" என்றான். ஏபிஎஸ் பிளேட் ஒன்று மூலையில் கிடந்தது. ஒடியாத விப்பன் ஒன்றை அளந்து, வரைந்து, மெஷினில் ஏற்றி, மூன்றாம் நாள் ஒரு பீஸ் கொடுத்தான். காதின் அடியை மட்டும் கொஞ்சம் தடிமனாக வைத்திருந்தான். கேட்டதற்கு, "அங்கதான் வெல்டு லைன் விழுந்திருக்கு, அதான் ஒடிஞ்சிருக்கு" என்றான். உருகிய பிசின் இரண்டு பக்கமிருந்து ஓடி வந்து சந்திக்கும் தையல் அது. உண்மைதான், பாச்சை உருண்டை எல்லா இடத்தையும் நக்கியிருந்தாலும் ஒடிந்தது தையலில். நான் பாஸ் போடுவேன் என்று சொன்ன பீஸ். ட்யூனர் அதில் துணிப் புஷ் ஒட்டி, சென்டர் பின் ஏற்றி மாட்டினார். கூலி பேசினால் பத்து அசல் பாகம் வாங்கலாம். சிநேகிதன் ஒரு டீயோடு விட்டுவிட்டான்.

என் தீர்ப்பு இது. 1950களின் பிளாஸ்டிக் முழங்கையோ லிண்ட்னர் வகைக் கிளிப்போ உள்ள வாத்தியம் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம். டெஃப்லான் புஷ் இருந்தால் மாற்றுச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசலாம். ஏபிஎஸ் ஆக்‌ஷன், நல்ல கம்பெனியின் வார்ப்பாக இருந்தால், ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருக்கும் எந்த வீட்டிலும் மரத்தை விட நன்றாக நிற்கும். ஈரத்தில் அளவு மாறாது, கரையான் தொடாது. "பிளாஸ்டிக்" என்று சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்கிறவர், பின்னில் பச்சை பூத்திருக்கிறதா, ஸ்பிரிங் துருவா, ஹேமரின் அடியிலுள்ள பட் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் நூல் வளையம் இற்றுவிட்டதா என்று பார்த்துக் குறைக்கட்டும், அதில் நியாயம் இருக்கும். பாச்சை உருண்டையும் ஸ்பிரேயும் உள்ளே போகக் கூடாது. இது நிபந்தனை, ஆலோசனை இல்லை. மாற்றுப் பாகம் கிடைக்கும் மாடலா என்பதை வாங்கும் முன்பே கேட்டு, கையோடு நாலைந்து விப்பனும் ஃப்ளேஞ்சும் வாங்கி வைத்துக்கொள்ள முடிந்தால் அந்தப் பெரிய வாதமும் பாதி அடங்கும். மரத்தில் தொடுகை வேறு மாதிரி என்று வாசிப்பவர்கள் சொல்வது இங்கே விசாரணைக்கு வரவில்லை. அவர்கள் வாசித்துத் தீர்த்துக்கொள்ளட்டும்.

ட்யூனர் இந்தத் தீர்ப்பை முழுசாக ஏற்கவில்லை. "அம்பது வருஷம் கழிச்சு நாம ரெண்டு பேரும் இருக்க மாட்டோம் சார், யாரு சரின்னு யாருக்குத் தெரியும்" என்றார். நியாயமான ஆட்சேபம்.

அசல் பாகங்கள் நாலாம் மாதம் வந்தன. இளகிய இரண்டையும் மாற்றினோம். அம்பத்தூரில் வெட்டியதை அப்படியே விட்டோம். மூன்றாவது அசல் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

போன கார்த்திகையில், நாலு நாள் விடாத மழைக்கு நடுவே, பேத்தியைக் கூப்பிட்டேன். "இதுல ஒரே ஒரு கட்டைக்கு உள்ள மட்டும் தாத்தாவோட ஃப்ரெண்டு செஞ்ச பார்ட் இருக்கு. எதுன்னு சொல்லு பாப்போம்." அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக, மெதுவாக அழுத்திக்கொண்டே போனாள். நடு ஸியைத் தாண்டி ஒரு கட்டையில் நின்றாள். மறுபடி அழுத்தினாள்.

"இதுதான் தாத்தா. எழுந்து வரவே சோம்பேறித்தனம் பண்ணுது."

பலகையைக் கழற்றிப் பார்த்தேன். வெட்டிய பீஸ் அதற்கு இரண்டு கட்டை தள்ளி இருந்தது. அவள் காட்டியது எண்பதுகளின் அசல், ஒரு கீறல் இல்லாத ஏபிஎஸ். உள்ளே புஷ் துணி மழைக்கு உப்பி, பின்னைக் கவ்விக்கொண்டிருந்தது.